ரவிவர்மா படத்தில் யார் யார் இல்லை?

(சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓவியர்களின் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படங்களில் யாருக்கு இடம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அழைத்தவர் ஃபோனில் "பிரதிநிதித்துவம்" என்று சொல்லிவிட்டு, "ஐயா, கொஞ்சம் புரிகிற மாதிரி பேசுங்கள்" என்றும் கேட்டுக்கொண்டார். முயல்கிறேன்.

சினிமாவைப் பற்றிப் பேச ஃபேர்லேண்ட்ஸைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. இங்கிருந்து ஏற்காடு சாலையில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. உள்ளே ஸ்டுடியோ இல்லை, வளைவு மட்டும் இருக்கிறது. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் 1930களில் கட்டிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் வெளிவந்தது. தயாரித்தவர் சேலத்துத் தமிழர். இயக்கியவர் எஸ். நொட்டானி, அவரும் மலையாளி அல்லர். ஒரு மொழியின் முதல் குரலை வெளியூர்க்காரர்கள் பதிவு செய்தார்கள் என்பதற்காக மலையாளிகள் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யார் யாருடைய கதையைச் சொல்லலாம் என்ற கேள்விக்கு நம் ஊர் வைத்திருக்கும் பழைய பதில் இது.

1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இதே ஸ்டுடியோவிலிருந்து வந்தது. அதே ஆண்டு ஹாலிவுட்டில் வான்கோவின் வாழ்க்கை 'லஸ்ட் ஃபார் லைஃப்' என்ற படமாக வந்தது. கிர்க் டக்ளஸ் வான்கோவாகவும், ஆண்டனி குவின் கோகானாகவும் நடித்தார்கள். குவினுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் படம் ஓர் அச்சை வார்த்துக் கொடுத்துவிட்டது. ஓவியர் என்றால் ஆண், தனியன், யாருக்கும் புரியாதவன், கொதிப்பவன், கடைசியில் தன்னையே எரித்துக்கொள்பவன். அதற்குப் பின் உலகில் எந்த மூலையில் ஓவியரைப் பற்றிப் படம் எடுத்தாலும் அந்த அச்சிலேயே ஊற்றுகிறார்கள். வான்கோ இறந்தபின் அவருடைய படங்களையும் கடிதங்களையும் காப்பாற்றி, 1914இல் கடிதங்களைப் பதிப்பித்து, உலகத்துக்கு அவரை அறிமுகப்படுத்தியவர் தம்பி மனைவி ஜோஹன்னா. வான்கோவைப் பற்றிப் பல படங்கள் வந்துவிட்டன. சாதாரண ரசிகர் ஒருவரிடம் ஜோஹன்னாவின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், தெரியாது என்பார்.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் இந்தக் கேள்விக்குச் சரியான வழக்கு ரவிவர்மாதான். அவர் வாழ்க்கையை இரண்டு படங்கள் சொல்லியிருக்கின்றன. ஒன்று, கேதன் மேத்தா இயக்கிய இந்திப் படம் 'ரங் ரசியா'. ரஞ்சித் தேசாயின் மராத்தி நாவலைத் தழுவியது. 2008இல் லண்டன் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது, சென்சார் சிக்கல்களைத் தாண்டி இந்தியாவில் தியேட்டருக்கு வந்தது 2014 நவம்பரில். ரவிவர்மாவாக ரண்தீப் ஹூடா, அவருக்கு மாடலாக இருக்கும் சுகந்தாவாக நந்தனா சென். மற்றொன்று, லெனின் ராஜேந்திரன் மலையாளத்தில் எடுத்து 2011இல் வெளிவந்த 'மகரமஞ்ஞு'. அதில் ரவிவர்மாவாக நடித்தவர் நம் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன்.

முதல் படம் வந்தபோது எளிதாக எழுந்த கேள்வி, கிளிமானூர் அரண்மனைக்காரர் வேடத்தில் ஹரியானாக்காரர் நடிக்கலாமா, அதுவும் இந்தி பேசிக்கொண்டு என்பது. இந்தக் கேள்வியில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. நடிப்பு என்பதே இன்னொருவராக ஆவதுதான். இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் நம் சினிமா வரலாற்றில் பாதிப் பேரை ரயிலேற்றித் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். கண்டியில் மலையாளப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவர் இதே ஸ்டுடியோவில் 'மந்திரி குமாரி'யில் வாள் சுழற்றினார். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆள் எந்த ஊர் என்பதோடு விஷயம் முடிந்துவிடாது என்பதற்கு 'மகரமஞ்ஞு'வே சாட்சி. மலையாள மொழி, மலையாள இயக்குநர், ரவிவர்மாவாக ஒரு மலையாளி. எல்லாம் சரியாக அமைந்தன. அப்படியும் கதை எங்கே போய் நிற்கிறது? ஓவியர், அவர் முன் நிற்கும் அழகி, இருவருக்கும் நடுவே மோகம். புரூரவஸ், ஊர்வசி என்று புராணப் பூச்சு இருக்கிறது. இந்திப் படமும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அங்கே கூடுதலாக நீதிமன்றக் கூண்டு உண்டு. இரண்டு மொழிகள், இரண்டு இயக்குநர்கள், ஒரே பெண். பல பெண்களைப் பார்த்து வரைந்த மனிதருக்கு இரண்டு படங்களுமே பிரதானமாக ஒரே காதலியைத்தான் கொடுத்தன. என் புகார் இங்கேதான் தொடங்குகிறது.

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மாவின் ஓர் ஓவியம் இருக்கிறது. போனவர்கள் பார்த்திருப்பீர்கள், போகாதவர்கள் பாடப்புத்தகத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1889 வாக்கில் மைசூர் மகாராஜாவுக்காக வரைந்த இசைக் கலைஞர்களின் கூட்டம். 11 பெண்கள். வெள்ளை முண்டு உடுத்திய நாயர் பெண், மராட்டியக் கட்டில் புடவை அணிந்தவள், முஸ்லிம் பாடகி, பின்னால் மேல்நாட்டு உடையில் தொப்பி வைத்த ஒருத்தி என்று இந்தியாவின் பல பக்கங்களையும் ஒரே சதுரத்துக்குள் உட்கார வைத்திருக்கிறார். கைகளைப் பாருங்கள். வாத்தியத்தைப் பிடித்திருக்கும் விரல்களில் பழக்கம் தெரிகிறது. முகங்களைப் பாருங்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரே கச்சேரிக்கு வந்தவர்களாகத் தோன்றவில்லை, தனித்தனியாக ஸ்டுடியோவுக்கு வந்து போனவர்களை ஒட்டிவைத்ததுபோல இருக்கிறது. நிறமும் அநேகமாக ஒரே கோதுமை நிறம். வயலில் நின்ற உடம்பு ஒன்றுகூட இல்லை.

நாம் இன்று "பன்மைத்தன்மை" என்று கூட்டம் போட்டுப் பேசுவதை அவர் 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து பார்த்திருக்கிறார், அதன் குறைகளோடு சேர்த்து. 1893இல் சிகாகோ கண்காட்சிக்கு அனுப்பிய 10 ஓவியங்களும் இந்தியாவின் வெவ்வேறு சமூகப் பெண்களைக் காட்டியவை. அவற்றில் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் நாடோடிக் குடும்பம் ஒன்றும் உண்டு. வெளிநாட்டார் முன் தேசத்தின் சார்பாக யாரை நிறுத்துவது என்று அவர் யோசித்துத் தேர்ந்தெடுத்தார். ஒரு கலைஞனின் தலைக்குள் நடந்த இந்தத் தேர்வு எவ்வளவு நல்ல திரைக்கதை! யாரைச் சேர்த்தார், யாரை விட்டார், எந்த மகாராஜா என்ன கேட்டார், ஏன் நம் தெய்வங்கள் எல்லாம் மெல்ல மெல்லப் புடவை கட்டிய மேட்டுக்குடிப் பெண்களாக ஆனார்கள். படம் எடுப்பவர்களுக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை. படுக்கையறையும் நீதிமன்றமும் போதுமாக இருந்தன.

மாடலாக நின்ற பெண்களுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் குடும்பப் பெண்கள் ஓவியர் முன் வந்து நிற்க மாட்டார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் பாட்டும் ஆட்டமும் தொழிலாகக் கொண்ட சமூகங்களிலிருந்து வந்தார்கள். கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட அஞ்சனிபாய் மால்பேக்கர் ரவிவர்மாவுக்கு மாடலாக இருந்தவர் என்று சொல்வார்கள். அவர் யார்? இந்துஸ்தானி இசையில் பெரும் பாடகி. 1958இல் சங்கீத நாடக அகாதெமியின் ஃபெலோஷிப்பைப் பெற்றார், அந்தப் பெருமையைப் பெற்ற முதல் பெண் அவர். யோசித்துப் பாருங்கள். ஓவியத்தில் மௌனமாக நிற்கும் உருவம், வெளியே வந்தால் தேசமே எழுந்து நின்று கேட்கும் குரல். திரைப்படம் இந்த மாதிரிப் பெண்களை எல்லாம் உருக்கி, ஓவியரைக் காதலிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒரே பாத்திரமாக வார்த்துவிடுகிறது. கூலி எவ்வளவு என்று அவள் கேட்பதில்லை. கால் மரத்துப் போகிறது என்று சொல்வதில்லை. வரைந்த படத்தைப் பார்த்து, "இது நான் இல்லையே" என்று சிரிப்பதும் இல்லை.

யாருடைய உடம்பில் யாருடைய உருவம் ஏறலாம் என்பது இந்த நாட்டில் சின்ன விஷயம் அல்ல. மலையாளத்தின் முதல் மௌனப் படமான 'விகதகுமாரன்' திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டபோது, நாயர் பெண் வேடத்தில் நடித்த பி.கே. ரோஸி என்ற தலித் பெண்ணைத் துரத்தி அடித்தார்கள். ஊரை விட்டு ஓடி, தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, பெயர் தெரியாமல் வாழ்ந்து முடித்தார். ரவிவர்மாவின் ஸ்டுடியோவில் சமூகம் ஒதுக்கிவைத்த பெண் லட்சுமியாக நின்றாள், பூஜையறைக்குள்ளும் போனாள். திரையில் ரோஸி நாயர் பெண்ணாக நின்றபோது கல் வந்தது. ஓவியத்தில் மாடலின் பெயர் தெரியாது, சினிமாவில் நடிகையின் பெயர் தெரிந்துவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான். ரவிவர்மாவைப் பற்றிப் படம் எடுக்கும் எவரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டாமா?

அடுத்தது அச்சகம். 1894இல் பம்பாய்க்கு அருகே ரவிவர்மா அச்சுக்கூடம் தொடங்கினார். பிறகு அது லோணாவ்லா பக்கம் மளவ்லிக்குப் போயிற்று. சில ஆண்டுகளில் ஜெர்மன் தொழில்நுட்பக்காரர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் அதை வாங்கிக்கொண்டார். அங்கே வேலை எப்படி நடந்தது தெரியுமா? ஒரு நிறத்துக்கு ஒரு கல். வழவழப்பாகத் தேய்த்த கனமான கல்லில் அந்த நிறத்துக்கு உரிய பகுதியை மட்டும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். சரஸ்வதி படம் என்றால் புடவை ஓரத்துக்கு ஒரு கல், மயில் கழுத்துக்கு ஒரு கல், கன்னத்தின் சிவப்புக்கு ஒரு கல் என்று அடுக்கிக்கொண்டே போகும். தாளை ஒவ்வொரு கல் மேலும் அச்சு விலகாமல் வைத்து எடுக்க வேண்டும். நூலளவு நகர்ந்தாலும் தேவியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். இதைச் செய்த கைகளில் பெரும்பாலானவற்றுக்கு வரலாற்றில் பெயர் இல்லை. செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் ஊதுபத்தி செருகியிருக்கும் காலண்டர் வரை வந்து சேர்ந்தது அந்தக் கைகளின் வேலைதான். நடுவில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் சிவகாசி அச்சகங்களும் அதற்குத் தமிழ் முகம் கொடுத்தார்கள்.

கோயிலுக்குள் விடப்படாதவர்கள் வீட்டிலும் ரவிவர்மாவின் அச்சுப்படங்கள் தெய்வத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மை இருக்கிறது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல், ரவிவர்மா மறைந்து 30 ஆண்டுகள் கழித்து. ஆனால் அந்தப் பெருமையை ஓவியர் வாயாலேயே வசனமாகச் சொல்ல வைப்பதில் என்ன பயன்? படத்தைக் காசு கொடுத்து வாங்கி, சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஒருவரின் வீட்டுக்குள் கேமரா போகட்டும். அவர் அந்தத் தேவியின் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தார் என்று காட்டட்டும். தானம் வாங்கியவராக அவரை நிறுத்தாமல், வாடிக்கையாளராக, ரசனை உள்ளவராக நிறுத்தட்டும்.

வீட்டுக்குள்ளேயும் ஆட்கள் விடுபடுகிறார்கள். தம்பி ராஜராஜவர்மா அண்ணனோடு ஊர் ஊராகச் சென்றவர், கணக்கும் கடிதமும் பார்த்தவர், ஓவியங்களின் பின்னணியில் பல இடங்களில் அவர் கை உண்டு. தாமே நல்ல இயற்கைக் காட்சி ஓவியர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பால்தான் ரவிவர்மாவின் அன்றாடம் நமக்குத் தெரிகிறது. தங்கை மங்களாபாயும் ஓவியர், அண்ணனையே உருவப்படமாக வரைந்தவர். அண்ணன் எல்லாரையும் பார்த்து வரைந்தார், அவரைப் பார்த்து வரைந்தவள் தங்கை. இதைவிட நல்ல காட்சி எந்தத் திரைக்கதை ஆசிரியருக்குக் கிடைக்கும்? திருவனந்தபுரம் அரண்மனையில் மதுரைக்காரர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணத்தின் சூட்சுமத்தைச் சொல்லித்தர மறுக்க, அவரிடம் இருந்த ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகக் கற்றுக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வேலை செய்வதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். அந்த ஆறுமுகம் பிள்ளை மீது எனக்குத் தனிப் பிரியம். குருவுக்குத் தெரியாமல் ராத்திரியில் ஒரு பையனுக்கு வண்ணம் குழைக்கக் கற்றுக்கொடுக்க ஒருவருக்கு என்ன தோன்றியிருக்கும்?

வெளியுலகத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். நியூயார்க்கின் கறுப்பின ஓவியர் ழான் மிஷேல் பாஸ்கியா. தந்தை ஹெய்ட்டிக்காரர், தாய் புவர்ட்டோ ரிக்கோ வழி வந்தவர். போதைப் பழக்கம் 27 வயதில் உயிரைக் குடித்தது. அவரைப் பற்றி 1996இல் படம் எடுத்தவர் ஜூலியன் ஷ்னாபெல், அதே காலத்தின் வெள்ளைக்கார ஓவியர். பாஸ்கியாவின் குடும்பம் அசல் ஓவியங்களைப் பயன்படுத்த அனுமதி தரவில்லை. எனவே பாஸ்கியா பாணியில் ஷ்னாபெலே வரைந்து படத்தில் மாட்டினார். போதாக்குறைக்குத் தன்னைப் போன்ற ஒரு நல்ல ஓவியர் பாத்திரத்தையும் உள்ளே வைத்துக்கொண்டார். ஜெஃப்ரி ரைட் அருமையாக நடித்திருந்தார், மறுக்கவில்லை. கறுப்பின நடிகர் நடுவில் இருக்கிறார், சுவரிலோ எடுத்தவரின் தூரிகை. கணக்குப் பார்த்தால் பிரதிநிதித்துவம் உண்டு. கண்ணால் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

வான்கோவைப் போலக் கலங்கிய மனம் உள்ள ஓவியர் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் நம் கே. ராமானுஜம். சென்னை ஓவியப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர். ஸ்கிசோஃப்ரினியா நோயோடு வாழ்ந்தவர், பேச்சு சரளமாக வராது. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது அங்கே அவருக்கு இடம் கிடைத்தது. இங்க் கோடுகளால் குவிமாட மாளிகைகள், சிறகு முளைத்த விநோத உயிர்கள், நடுவே தொப்பி வைத்த ஓர் ஆள் என்று ஒரு தனி உலகத்தை எழுப்பினார். தொப்பிக்காரர் அவரேதான். 1973இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இவரைப் பழைய அச்சில் ஊற்றினால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். உடைந்த கண்ணாடி, அலறல், மழை, பின்னணியில் வயலின்.

அப்படி எடுக்காமல் இருக்க வழி இருக்கிறது. சத்யஜித் ராய் 1972இல் தன் ஆசிரியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி 'இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முழுப் பார்வையையும் இழந்த ஓவியர் அவர். ராய் அவரைப் பார்த்துப் பரிதாபப்படவே இல்லை. கை காகிதத்தைத் தடவி எல்லையைக் கண்டுபிடிப்பதையும், டீ போடுவதையும், வேலை தொடர்வதையும் பொறுமையாகக் காட்டினார். ராமானுஜத்துக்கும் அந்த மரியாதை வேண்டும். நோய் அவர் வாழ்க்கையில் இருந்தது. காலையில் எழுந்து பேனாவை எடுத்து உட்கார்ந்த உழைப்பும் இருந்தது, பக்கத்துக் குடிசை நண்பர்கள் இருந்தார்கள், அவரை நம்பிய ஓர் ஆசிரியர் இருந்தார். மனநோய் உள்ளவர்களை நம் சினிமா சிரிப்புக்கும் பயத்துக்கும் மட்டுமே பயன்படுத்தி வந்திருக்கிறது. அது இத்தனை வருடம் போதும்.

அதே பணிக்கரிடம் படித்த டி.கே. பத்மினி பொன்னானிப் பக்கத்துக்காரர், 29 வயதில் பிரசவத்தில் இறந்தவர். 2018இல் அவரைப் பற்றி 'பத்மினி' என்ற மலையாளப் படம் வந்தது. சுஸ்மேஷ் சந்த்ரோத் இயக்க, அனுமோள் நடித்தார். பத்மினியின் பெயரில் இயங்கும் அறக்கட்டளையே தயாரித்தது. சிறிய படம், பெரிய தியேட்டர்கள் கிடைக்கவில்லை. ஆனால் அதில் பெண் யாருக்கும் மாடலாக நிற்கவில்லை, அவளே தூரிகையைப் பிடித்திருக்கிறாள். அறக்கட்டளைகள் ஆண்டுக்கொரு சொற்பொழிவோடு நிற்காமல் இப்படியும் செலவு செய்யலாம் என்று, மேடையில் இருப்பவர்கள் மன்னிப்பார்கள் என்ற துணிச்சலில் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வேலை. நம் வட்டாரத்திலேயே ஓர் ஓவியர் இருந்தார். மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை. கவிதைக்கு முன்னால் அவருக்குச் சோறு போட்டது தூரிகை. டெல்லி தர்பார் காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து பதக்கம் வாங்கியவர், பிறகு அதே அரசை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். அவர் எழுதிய 'மலைக்கள்ளன்' 1954இல் படமாகி ஓடு ஓடு என்று ஓடியது. 'என் கதை' என்று தன் வாழ்க்கையையும் எழுதிவைத்திருக்கிறார். தகப்பனார் போலீஸ்காரர். சிறு வயதில் அவரைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒரு முஸ்லிம் பெண்மணியும் உண்டு. நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. சேலத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். விஸ்காம் படிக்கும் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். அவரைப் பற்றி 20 நிமிடக் குறும்படம் எழுதுங்கள். முதல் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே, அவரை வளர்த்தவர், படிக்க வைத்தவர், வண்ணம் வாங்கிக் கொடுத்தவர், அவர் முன் உட்கார்ந்தவர் எல்லாருக்கும் ஒவ்வொரு வசனமாவது எழுதிவிட்டு, பிறகு கேமராவைத் தூக்குங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் நான் பேசுவதற்குப் பதில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்ட அறக்கட்டளையினர் இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.